ஊறுகாய் ஜாடியும் ஓதச் சதுப்பும்: உவர்ச் சதுப்பின் கரிம மண் குறித்து ஒரு விவாத இழை

வாசகர் கேள்வி, 2024 ஏப்ரல் 11

கடலோர உவர்ச் சதுப்புகளில் சில இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்கு மட்காத வேரும் தண்டுமாகக் கறுப்பு மண் கிடக்கிறது என்று படித்தேன். மாங்காயை உப்பு காப்பதைப் போலக் கடல் உப்புதான் அந்த வேர்களைக் கெடாமல் காக்கிறது என்பது என் எண்ணம். அப்படியானால் கரை கட்டிக் கடல் நீரைத் தடுத்து, நாலைந்து மழைக்காலம் உப்பைக் கழுவவிட்டால், அவ்வளவு மட்கு சேர்ந்த நிலம் முதல்தரமான விளைநிலமாக மாற வேண்டும் அல்லவா? ஏன் யாரும் செய்வதில்லை?

ஏப்ரல் 12

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு இப்போதைக்கு ஒரு வரி: பல இடங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள், என்ன ஆயிற்று என்பதைப் பிறகு விரிவாக எழுதுகிறேன். முதல் பாதியில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

நான் வேதாரண்யம் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். பதினொரு ஆண்டுகளாக அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வடகடலோரத்தில் மண் கணக்கெடுப்பு வேலை செய்கிறேன். இங்கே ‘கிரேட் மார்ஷ்’ என்னும் சதுப்பு 20,000 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது. நியூ இங்கிலாந்துப் பகுதியிலேயே மிகப் பெரிய உவர்ச் சதுப்பு இதுதான். நீங்கள் படித்த மண் ஏறக்குறைய இந்த வகைதான். இதை இங்கே ‘பீட்’ என்கிறார்கள்; நானும் அப்படியே எழுதுகிறேன்.

பீட் கெடாமல் இருப்பதற்குக் காரணம் அதற்குள் காற்று நுழைய முடியாததுதான். காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். நாளுக்கு இரண்டு முறை ஓதம் (கடல் நீர்மட்டம்) ஏறி இறங்கினாலும், மேலே சில சென்டிமீட்டர் தவிர உள்மண் எப்போதும் நீரில் ஊறியே இருக்கும். அங்கே புகும் கொஞ்ச ஆக்சிஜனையும் நுண்ணுயிர்கள் உடனே தீர்த்துவிடும். உப்பே இல்லாத நன்னீர்ச் சதுப்புகளிலும் பீட் சேர்வது இதனால்தான்.

உப்பின் பங்கு நீங்கள் நினைப்பதற்கு நேர் எதிர்த் திசையில்கூட இருக்கலாம். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட் கரைந்திருக்கிறது. ஆக்சிஜன் தீர்ந்த பிறகு ஒருவகை பாக்டீரியாக்கள் இந்தச் சல்பேட்டைக் கொண்டே சுவாசித்துச் செத்த வேர்களைத் தின்கின்றன. அப்போது வெளிவருவதுதான் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு. இதே மாநிலத்தின் கேப் காட் தீபகற்பத்தில் உள்ள கிரேட் சிப்பெவிஸ்ஸெட் சதுப்பில் 1970களில் ஆய்வாளர்கள் ராபர்ட் ஹோவர்த்தும் ஜான் டீலும் அளந்து பார்த்தபோது, அங்கு நடக்கும் சிதைவில் பெரும்பங்கு இந்த வழியாகவே நடக்கிறது என்று தெரிந்தது. ஆக, கடல் நீர் இந்த மண்ணை மெல்லத் தின்பதற்கும் ஒரு வழியைத் திறந்துவிடுகிறது. அப்படியிருந்தும் பீட் வளர்கிறது என்றால், தின்று தீர்வதைவிட அதிகமாகப் புல் ஆண்டுதோறும் புது வேரை மண்ணுக்குள் இறக்குகிறது என்று பொருள்.

ஏப்ரல் 12, இரவு

காலையில் ‘கரிம மண்’ (செத்த வேர், தண்டு போன்ற கரிமப் பொருள் மிகுந்த மண்) என்ற சொல்லைச் சற்றுத் தளர்வாகவே மனத்தில் வைத்து எழுதிவிட்டேன். கறுத்த சேறெல்லாம் கரிம மண் ஆகிவிடாது. அமெரிக்க மண் வகைப்பாட்டின்படி, நீரில் ஊறிய மண்ணில் கரிமக் கார்பன் எடையில் 12 முதல் 18 சதவீதமாவது இருக்க வேண்டும்; களிமண் கூடக்கூட இந்த வரம்பும் கூடும். அத்தகைய பொருள் மேல் 80 செ.மீ.க்குள் 40 செ.மீ. தடிமனாவது இருந்தால்தான் பொதுவாக அந்த நிலத்தைக் கரிம மண் என்று வரைபடத்தில் குறிப்போம். இங்கே மணலுக்கு மேல் பீட் 20 முதல் 40 செ.மீ. வரை மட்டும் இருக்கும் நிலத்துக்கு ‘மட்டுனக்’ என்று பெயர். அது கனிம மண் (மணலும் களியுமான மண்) கணக்கில் சேரும். 40 செ.மீ.யைத் தாண்டி மணல் வந்தால் ‘பாக்கடக்’. 130 செ.மீ.க்கும் கீழே பீட் போய்க்கொண்டே இருந்தால் ‘இப்ஸ்விச்’. மேலே நின்று பார்த்தால் மூன்றிலும் ஒரே புல்தான். துளை போட்டால் மட்டுமே வேறுபாடு தெரியும்.

ஏப்ரல் 14

இன்று ஞாயிறு. சதுப்பில் நிலம் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் அனுமதி கேட்டு, ஓதம் இறங்கும் வற்ற நேரம் பார்த்துத் துளைகோலோடு போய்வந்தேன். கேள்வியைப் படித்ததிலிருந்தே இந்த மண்ணை மறுபடியும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று இருந்தது.

முதல் 30 செ.மீ. வெட்டி எடுத்தபோது அது மண்கட்டியாக உதிரவில்லை. தேங்காய் மட்டையைப் பிளப்பது போல நார் நாராகப் பிரிந்தது. மேட்டுப் பகுதியில் வளரும் ‘ஸ்பார்டினா பேட்டன்ஸ்’ என்னும் மெல்லிய புல்லின் வேர் அது. உயிருள்ள வேர்களைச் சுற்றி மட்டும் துருப்பிடித்த கம்பி போல ஆரஞ்சு நிறப் பூச்சு இருந்தது. இந்தப் புல் தன் தண்டின் வழியாக வேருக்குக் காற்றை இறக்குகிறது; அதில் கசியும் ஆக்சிஜன் வேரோரத்தில் இருக்கும் இரும்பைத் துருவாக்குகிறது. காற்றே இல்லாத மண்ணுக்கு நடுவே, நூல் தடிமனில் ஒரு காற்றுள்ள உறை.

ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிழிந்தேன். பீட் எவ்வளவு மட்கியிருக்கிறது என்று அறிய இதுதான் பழைய முறை; ஸ்வீடன் நாட்டு லென்னார்ட் வான் போஸ்ட் 1920களில் 1 முதல் 10 வரை இதற்கு ஒரு படிவரிசை வகுத்தார். தெளிந்த நீர் மட்டும் வழிந்தால் மட்கவில்லை. விரலிடுக்கில் கூழாகப் பிதுங்கிக் கையில் ஒன்றும் மிஞ்சாவிட்டால் முற்றும் மட்கிவிட்டது. மேலடுக்கில் பழுப்பு நீர் வழிந்து நார் கையில் நின்றது. ஒன்றரை மீட்டருக்குக் கீழே எடுத்ததில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கூழாகப் பிதுங்கியது. ஆனால் அதற்குள்ளும் தட்டையான, உட்குழிந்த, மஞ்சள் நிற வேர்த்தண்டுகள் வைக்கோல் துண்டு போல முழுசாக இருந்தன. அவை ‘ஸ்பார்டினா ஆல்டர்னிஃப்ளோரா’ என்னும் தடித்த புல்லுடையவை. அந்தப் புல் நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறும் தாழ்வான ஓரத்தில்தான் வளரும். ஆகவே இன்று நான் நின்ற மேடு ஒரு காலத்தில் ஓடையோரத் தாழ்நிலமாக இருந்திருக்கிறது.

இதே கேப் காடில் பார்ன்ஸ்டபிள் சதுப்பில் கடலியலாளர் ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் இப்படி நிறையத் துளைகள் போட்டு, கடல் மட்டம் உயர உயரச் சதுப்பு எப்படி மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் வளர்ந்தது என்பதை 1972இல் வெளியிட்டார். ஏறத்தாழ 4,000 ஆண்டு வரலாறு அது.

ஒன்றரை மீட்டர் ஆழத்துப் பீட்டில் இரண்டு பங்கு வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். ஒன்றை 1 செ.மீ. தடிமனில் தட்டில் பரப்பி, காயாமல் ஈரமாக வைத்துக் காற்றாட விட்டேன். மற்றொன்றை அதே ஓடை நீரை விளிம்புவரை ஊற்றிக் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடினேன். இரண்டின் பிஎச் அளவும் (7 நடுநிலை; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) இன்று 6.7. இதை 16 வாரம் பார்ப்பது வழக்கம், பிஎச் குறைந்தது 0.5 அளவாவது இறங்கி 4 அல்லது அதற்கும் கீழே போய்விட்டால் அந்த மண்ணில் ஆபத்தான அளவு சல்பைடு இருக்கிறது என்று வகைப்படுத்துவோம்.

ஏப்ரல் 15

மண்ணின் நிறம் பற்றி ஒரு எச்சரிக்கை. கேள்வியில் ‘கறுப்பு மண்’ என்று இருந்தது. முதல் குறிப்பில் நானும் அதைத் திருத்தாமல் விட்டுவிட்டேன். இந்தப் பீட் பெரும்பாலும் பழுப்பு நிறம்தான். ஓடைக்கரையில் மை போலக் கறுத்துக் கிடப்பது பல நேரங்களில் இரும்பு சல்பைடு. அதில் கரிமப் பொருள் குறைவாகவே இருக்கலாம். ஒரு கட்டியை உடைத்துக் காற்றில் வைத்தால் கண்ணெதிரே கறுப்பு வெளுத்துச் சாம்பல் நிறமாகும். கரிமப் பொருளின் கறுப்பு அப்படி வெளுக்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நிறத்தை நம்பி ஒரு சேற்றுத் திட்டையே கரிம மண் என்று குறித்து, பிறகு ஆய்வக முடிவு வந்து அழிக்க வேண்டியதாயிற்று.

ஏப்ரல் 27

கன அளவையும் எடையையும் பற்றி ஒருவர் தனியே கேட்டிருந்தார். இந்த மண்ணின் இயல்புகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

வயல் மண்ணில் ஒரு கன சென்டிமீட்டர் உலர் எடை 1.2 முதல் 1.6 கிராம் வரை இருக்கும். உவர்ச் சதுப்புப் பீட்டில் அது பெரும்பாலும் 0.1 முதல் 0.3 கிராம்தான். மீதி இடம் முழுவதும் நீர். நாம் காலால் மிதிப்பது பெரும்பாலும் நீர்தான். அதைத் தாங்கிப் பிடித்திருப்பது வேர் வலை. கரிமப் பொருளும் கனிம வண்டலும் தனித்தனியே எவ்வளவு இறுகப் படியும் என்று அமெரிக்கக் கடலோரச் சதுப்புகளின் ஆயிரக்கணக்கான மாதிரிகளிலிருந்து கணக்கிட்டார்கள்: கரிமப் பொருள் கன சென்டிமீட்டருக்கு 0.085 கிராம், கனிமம் 1.99 கிராம். அதாவது ஒரு கிராம் வேர் பிடிக்கும் இடம், ஒரு கிராம் வண்டல் பிடிக்கும் இடத்தைப்போல் இருபது மடங்குக்கும் மேல். சதுப்பு உயர்வதில் வேருக்கு ஏன் இவ்வளவு பங்கு என்பது இந்த இரண்டு எண்களிலேயே அடங்கியிருக்கிறது.

இவ்வளவு நெகிழ்ந்த பொருளை அளப்பது எளிதன்று. முதல் ஆண்டில் சாதாரணக் குழாயை அழுத்தி இறக்கி மாதிரி எடுத்தேன். ஒரு மீட்டர் இறங்கிய குழாயில் 70 செ.மீ. மண்தான் இருந்தது. இடையில் எதுவும் தொலையவில்லை. குழாயே பீட்டை அமுக்கிவிட்டது. அந்தப் பருவம் முழுவதும் நான் எழுதிய ஆழங்கள் எல்லாம் தவறாகப் போயின. இப்போது பக்கவாட்டில் திறந்து மூடும் அரைவட்ட ரஷ்ய வகைத் துளைகோலைத்தான் பயன்படுத்துகிறேன். அது மண்ணை அமுக்காமல் வெட்டி எடுக்கிறது.

கரிமப் பொருளை அளக்க உலர்த்திய மாதிரியை ஏறத்தாழ 500 டிகிரிக்கு மேல் உலையில் சுட்டு, எவ்வளவு எடை போயிற்று என்று பார்ப்பார்கள். களிமண் மிகுந்த மாதிரியில் களிமண்ணுக்குள் பிணைந்த நீரும் சேர்ந்து வெளியேறுவதால் எண் சற்று ஏறித் தெரியும். போன எடையில் பாதிக்கும் சற்றுக் குறைவுதான் கார்பன். இந்த இரண்டையும் குழப்பி, எடை இழப்பையே கார்பன் என்று எழுதிய அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

மே 18

நம் ஊர்ச் சதுப்பில் ஏன் இந்தப் பீட் இல்லை என்று கேட்கிறீர்கள். சிறுவயதில் முத்துப்பேட்டைப் பக்கம் முழங்கால் வரை சேற்றில் இறங்கியிருக்கிறேன். அது காவிரிக் கிளையாறுகள் கொண்டுவந்த வண்டல். விரலிடுக்கில் வழவழவென்று நழுவும், நார் தட்டுப்படாது. ஆறு கொண்டுவரும் வண்டல் மிகுந்த இடத்தில் வேர் சேர்ந்தாலும் அது கனிமத்தில் கரைந்துபோகும். கோடையில் மாதக்கணக்கில் நீர் வற்றி, உமரிச் செடி சிவந்து, தரை வெடித்து உப்புப் பூக்கும் மேட்டில் காற்று உள்ளே போய்விடும். அங்கே மட்காமல் எதுவும் மிஞ்சுவது கடினம். நம் கரையில் ஓத ஏற்றமும் மிகக் குறைவு, ஒரு மீட்டர்கூட இருக்காது. கிரேட் மார்ஷ் ஓரத்தில் அது இரண்டரை மீட்டருக்கு மேல்.

இது வெப்பத்தால் மட்டும் வரும் வேறுபாடு என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவிலேயே ஜார்ஜியா மாநிலத்தில் சப்பேலோ தீவுச் சதுப்பில் இதே ஸ்பார்டினா புல் ஆளுயரம் வளர்கிறது. ஆனால் ஆறுகள் உள்நாட்டுக் களிமண்ணைக் கொண்டுவந்து கொட்டுவதால் அங்கே மண் பெரும்பாலும் கனிம மண்ணே. நியூ இங்கிலாந்தின் ஆறுகள் சிறியவை, பனியாறு சுரண்டிய பாறை நிலத்தில் ஓடுபவை. அவை தரும் வண்டல் குறைவு. வண்டல் கிடைக்காத சதுப்பு தன் வேரைக் கொண்டே மேலே ஏறுகிறது.

மே 19

நேற்று எழுதியதற்கு ஒரு விதிவிலக்கு. இங்கும் சில நேரம் வண்டல் ஒரேயடியாக வரும். 2018 ஜனவரிப் புயலில் ஓதம் ஏறியபோது, ஓடைத் தரையில் உறைந்திருந்த பனிப்பாளங்கள் அடிச்சேற்றோடு பெயர்ந்து சதுப்பின் மேல் வந்து தங்கின. வசந்தத்தில் அவை உருகியபோது புல்லின் மேல் சாம்பல் நிறத் திட்டுகள் கிடந்தன. இன்று அந்த இடங்களில் வெட்டினால் பழுப்பு நாருக்கு நடுவே விரல் தடிமனில் ஒரு சேற்றுப் பட்டை தெரியும். அதைத் துளைத்துக்கொண்டு புது வேர் மேலே வந்திருக்கிறது.

ஜூன் 8

இனி விளைநிலக் கேள்வி. கரை கட்டிக் கடல் நீரைத் தடுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கேப் காடில் வெல்ஃப்ளீட் ஊரின் ஹெர்ரிங் ஆறு நல்ல சாட்சி. 1909இல், கொசுவைக் குறைக்கவும் நிலத்தைப் பயன்படுத்தவும் என்று அதன் முகத்தில் கரை கட்டினார்கள். உள்ளே ஏறத்தாழ 1,100 ஏக்கர். பிறகு வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். மழை உப்பைக் கழுவியது. நீங்கள் சொன்னபடியேதான் எல்லாம் நடந்தது.

நீர் இறங்கியதும் காற்று உள்ளே போயிற்று. பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த வேர்கள் மட்கத் தொடங்கின. நீர் தாங்கிய இடமெல்லாம் அமுங்கியது. கரைக்கு வெளியே இருந்த சதுப்பு கடலோடு சேர்ந்து உயர்ந்துகொண்டிருக்க, உள்ளே இருந்தது அதைவிட 90 செ.மீ. வரை தாழ்ந்துபோயிற்று. நிலத்தைப் பயன்படுத்தக் கட்டிய கரைக்குப் பின்னால் நிலமே குழியாயிற்று.

அதைவிடக் கொடியது புளிப்பு. சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியா வெளியிட்ட சல்பைடு இரும்போடு சேர்ந்து ‘பைரைட்’ என்னும் தாதுவாகப் பீட்டில் படிந்திருந்தது. நீருக்குள் இருக்கும்வரை அது தீங்கு செய்யாது. காற்று பட்டதும் ஆக்சிஜனோடு வினைபுரிந்து கந்தக அமிலமாகிறது. அமிலம் களிமண்ணிலிருந்து அலுமினியத்தைக் கரைத்து ஓடையில் விடுகிறது. 1980இல் ஹெர்ரிங் ஆற்றில் விலாங்கு மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. உப்பைக் கழுவிய மழை சல்பைடைக் கழுவவில்லை. நீங்கள் விளைநிலம் என்று எண்ணிய இடத்தில் பிஎச் 4ஐச் சுற்றியும் அதற்குக் கீழேயும் நின்றது.

ஜூன் 9

நேற்றைய குறிப்பை நான் நம்பி எழுதியதற்கு என் சொந்த அனுபவமும் ஒரு காரணம். நான் முன்பு வேலை செய்த ஓர் ஆய்வகத்தில், பீட் மாதிரிப் பைகள் சரியாக மூடப்படாமல் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்தன. களத்தில் 6.8 என்று நான் எழுதியிருந்த மண் ஆய்வக அறிக்கையில் 3.2 என்று வந்தது. யாரோ மாதிரிகளை மாற்றி வைத்துவிட்டார்கள் என்று இரண்டு நாள் தேடினோம். மாதிரி மாறவில்லை, மண்தான் மாறிவிட்டது. பையின் ஓரத்தில் வைக்கோல் மஞ்சளில் பொடி பூத்திருந்தது. அது ‘ஜாரோசைட்’, அமிலம் பிறந்ததற்கான அடையாளம். அதன் பிறகு மாதிரியைக் களத்திலேயே காற்றில்லாமல் மூடிப் பனிப்பெட்டியில் வைக்காமல் நான் திரும்புவதில்லை.

ஜூன் 23

குட்டநாட்டில் உறவினர் வைத்திருக்கும் ஒருவர், அங்கே ‘கரி நிலம்’ என்று ஒன்று உண்டே, அது இதுதானா என்று கேட்டிருக்கிறார். நெருங்கிய சொந்தம். வைக்கம், அம்பலப்புழைப் பக்கத்தில் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் அந்த வயல்களில் கரிக்கட்டை போன்ற மரத்துண்டுகள் புதைந்த கறுத்த கரிம மண் இருக்கிறது, பெயரே அதனால்தான். அதுவும் காய்ந்தால் கடுமையாகப் புளிக்கும். அங்குள்ள விவசாயிகள் வேம்பநாட்டுக் காயலில் கிடைக்கும் கிளிஞ்சல் சுண்ணாம்பைப் போட்டு, நீரைக் கட்டி வைத்து, வடித்து, மறுபடி கட்டி நெல் எடுக்கிறார்கள். முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆண்டுதோறும் அந்த உழைப்பைக் கேட்கும் நிலம் என்கிறேன். இலங்கையில் நீர்கொழும்புக்குத் தெற்கே உள்ள முத்துராஜவெல சதுப்பின் பீட்டும் இந்தக் குடும்பம்தான்.

இதை எழுதும்போது உங்கள் ஊறுகாய் உவமையை மறுபடி நினைத்துப் பார்த்தேன். ஏப்ரலில் அதை முழுவதுமாக மறுத்தது சரியன்று. என் அம்மா உப்பு மாங்காய் ஜாடியில் துண்டுகள் நீர்மட்டத்துக்கு மேலே தலைகாட்டாதபடி தட்டு வைத்து அழுத்துவார். மேலே வந்த துண்டில்தான் பூஞ்சை பிடிக்கும். மாங்காயில் உப்புக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தத் தட்டின் வேலையைத்தான் சதுப்பில் ஓதம் செய்கிறது. உங்கள் உவமையில் உப்பை எடுத்துவிட்டுத் தட்டை வைத்தால் நான் ஏற்கிறேன்.

ஜூலை 14

கரையை உடைத்துக் கடலை மறுபடி விட்டால் பழைய மண் திரும்புமா என்ற கேள்விக்கு: அமிலம் தணியும், மண் திரும்புவதற்கு நெடுங்காலம் ஆகும். ஹெர்ரிங் ஆற்றில் மீட்புப் பணி 2023இல் தொடங்கியிருக்கிறது. நீரை ஒரேயடியாக விடாமல், மதகுகளைப் படிப்படியாகத் திறப்பதே திட்டம். உப்பு நீர் பட்டதும் புளித்த பீட்டிலிருந்து இரும்பும் அம்மோனியமும் கரைந்து வெளிவருவதை முன்பே சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். நிலமும் தாழ்ந்துவிட்டதால், திடீரென்று முழு ஓதம் ஏறினால் புல் முளைக்கவே இடம் இராது, திறந்த நீராகிவிடும்.

உயிருள்ள வேர் இந்த மண்ணின் தூண் என்பதற்கு இன்னொரு சான்றும் சொல்லிவிடுகிறேன். கிரேட் மார்ஷின் பகுதியான பிளம் தீவு ஓடைகளில் ஒன்பது ஆண்டுகள் ஓத நீரில் உரச்சத்தைக் கலந்துவிட்டு நடத்திய ஆய்வின் முடிவு 2012இல் வெளியானது. புல் மேலே செழித்தது. கீழே வேர் குறைந்தது, மட்குதல் கூடியது, ஓடைக்கரைகள் விரிசல் விட்டுச் சரிந்தன. ஊர்க் கழிவுநீர் கலக்கும் ஓடைகளில் அதே விரிசலை நான் கண்ணால் காண்கிறேன். பசுமையாக இருக்கிறதே என்று சொல்பவர்களிடம் ஒரு பாளத்தைப் பெயர்த்து அடிப்பக்கத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 4

16 வாரம் இன்றோடு முடிந்தது. தட்டில் காற்றாட வைத்த பீட் நான்காம் வாரத்தில் 5.9, எட்டாம் வாரத்தில் 4.7, இன்று 3.5. ஓரத்தில் மஞ்சள் பொடி தொடங்கியிருக்கிறது, வைக்கோல் போல இருந்த வேர்த்தண்டுகள் விரல் பட்டதும் பொடிகின்றன.

புட்டியைக் கொல்லைப்புறத்தில் வைத்துத் திறந்தேன். நாற்றம் பக்கத்து வீட்டு வேலி வரை போயிருக்கும். பிஎச் 6.8. நான்கு மாதத்துக்கு முன் போட்ட அதே மஞ்சள் தண்டு, மடக்கினால் வளைகிறது, உடையவில்லை. ஓடை நீரை மறுபடி விளிம்புவரை ஊற்றி மூடிவிட்டேன். தட்டிலிருந்ததை வெளியே கொட்டவில்லை. சுண்ணாம்பு கலந்து ஒரு வாளியில் வைத்திருக்கிறேன்.